காவிரிக் கரை உலா

திருச்செங்கோட்டிற்கு மேற்கே, நாமக்கல், ஈரோடு என்னும் இரு மாவட்டங்களுக்கும் எல்லையாகக் காவிரி ஓடுகின்றது. குடகு நாட்டிலுள்ள தலைக்காவிரியில் தோன்றும் அந்நதி, ஒகேனக்கல்லில் அருவிகளாக வீழ்ந்து, 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையில் தேங்கி, பவானியாற்றுடன் கலந்து இப்பகுதியை வந்தடைகின்றது.

ஆற்றங்கரைக்குச் சென்று மகிழ்தல் தமிழர்க்குப் புதிதன்று. வையையில் மக்கள் புதுப்புனலாடிய சிறப்பைப் பரிபாடல் விரித்துரைக்கின்றது. ஆடித் திங்கள் பதினெட்டாம் நாளில் மக்கள் குடும்பத்தோடு காவிரிக் கரையை அடைந்து, நீராடி, அன்னையை வழிபட்டு, கட்டுச்சோறு உண்டு மகிழ்வது இன்றும் நிலவும் வழக்கமாகும்.

ஒகேனக்கல்லில் பரிசற் பயணம் பெரிதும் இன்பம் பயப்பது. பரிசல் என்பது மூங்கிற் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னப்பெற்ற ஓடம். முற்காலத்தில் அதன் அடிப்புறத்தைத் தோலால் போர்த்தனர். இக்காலத்தில் நெகிழித் தாளால் மூடுகின்றனர். முன்னும் பின்னும் இல்லாத வடிவினதாகையால் அது நீரோட்டத்தில் எளிதில் சுழலும். ஆயினும், ஆழமற்ற பாறையிடுக்குகளிலும் மிதந்து செல்லவல்லது. ஒற்றைத் துடுப்பால் அதனை நேர்வழியிற் செலுத்தும் பரிசலோட்டியின் திறன் வியத்தற்குரியது.

இவ்வின்பத்தின் அருகிலேயே இடரும் உண்டு. இங்கு வானம் தெளிந்திருக்கும். கன்னட நாட்டு மலைகளிலோ பெருமழை பெய்திருக்கும். அந்நாளில் வெள்ளம் முன்னறிவின்றி வந்ததுபோலத் தோன்றும். அணையின் மதகுகள் திறக்கப்படுங்கால் கீழ்க்கரையிலும் நீர் உயரும். அமைதியாகத் தோன்றும் பரப்பின் கீழே கயமும் சுழலும் மறைந்திருக்கும். ஆதலின், நீர்வரத்து மிகும்போது அதிகாரிகள் குளிப்பதற்கும் பரிசல் செலுத்துவதற்கும் தடை விதிக்கின்றனர். நீந்தத் தெரியும் என்னும் செருக்கால் அத்தடையை மீறுதல் வீரமன்று, பேதைமையேயாகும். பெற்றோர் கரையில் காத்திருப்பர் என்பதை இளைஞர் மறத்தலாகாது.

காவிரி மக்களுக்கு மட்டும் உரியதன்று. 2022ஆம் ஆண்டில் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் காவிரித் தெற்குக் காட்டுயிர்ச் சரணாலயம் அமைக்கப்பெற்றது. யானைகள் அக்காடுகளில் உலவுகின்றன. நீர்நாய்களும் முதலைகளும் ஆற்றையே வாழிடமாகக் கொண்டுள்ளன. உலாச் செல்வோர் எறியும் நெகிழிப் பையும் உடைந்த கண்ணாடிப் புட்டியும் அவற்றுக்குத் தீங்காகும். அடுத்து நீராட வருவோர் காலையும் கிழிக்கும்.

கரையில் உண்டவர் எச்சத்தைத் தம்முடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும். ஆற்றை அன்னையெனத் தொழுவோர்க்கு அதன் தூய்மையைக் காத்தலே முதல் வழிபாடாகும்.