நோட்டை மூடி வைக்காதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இரண்டு பேப்பரில் அரியர் விழுந்திருப்பதையும், அதை நீ அப்பாவிடம் இன்னும் சொல்லாததையும் அக்கா சொன்னாள். படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடலாமா என்றும் அவளிடம் கேட்டாயாம். பேச்சோடு பேச்சாக, "எனக்கு என்ன வரும் என்றே தெரியவில்லை" என்றாயாம். அரியரும் திருப்பூரும் இருக்கட்டும். அந்தக் கடைசிப் பேச்சுக்குத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில் அது தெரியாமல் இருப்பது இயல்பு. ஜெஃப்ரி ஆர்னெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். 18 முதல் 25 வயது வரையிலான காலத்தை விடலைப் பருவத்திலும் சேர்க்காமல், முழு ஆள் கணக்கிலும் சேர்க்காமல், தனிப் பருவமாகவே பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். நான் யார் என்ற தேடல், இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்ற தடுமாற்றம், எதுவாகவும் ஆகலாம் என்ற நம்பிக்கை, எல்லாம் கலந்து கிடக்கும் வயது இது என்றார். படிக்க வசதி இருக்கிறவனுக்குத்தானே இப்படி ஒரு பருவம் வாய்க்கும் என்று அவரை மறுத்தவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உன் தாத்தா இந்த வயதில் குத்தகை நிலத்தில் நாற்று முடி சுமந்தார். உன் அம்மாவுக்கு இந்த வயதில் கல்யாணம் ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் இந்த ஏழு வருஷம் முதன்முதலாக உனக்குத்தான் கிடைத்திருக்கிறது. இதை எப்படிக் கழிப்பது என்று சொல்லித்தர அங்கே ஆள் இல்லாததற்கு அதுதான் காரணம். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று ஒருநாளும் நினைத்துவிடாதே.

இப்படித் தடுமாறியவன் நீ ஒருவன் மட்டும் இல்லை. நீ படிக்கிற இதே கும்பகோணம் கல்லூரியில் 1904-இல், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார் கணித மேதை ராமானுஜன். சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டிலிருந்து வந்த பிள்ளை. அப்பா துணிக்கடைக் குமாஸ்தா. கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பிவிட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் கரையேறவில்லை. 1907-இல் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. இருபது வயதில் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை.

மேடையில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இங்கிருந்து ஒரே தாவலில் கேம்பிரிட்ஜுக்குப் போய்விடுகிறார்கள். ஃபெயில் ஆனால் என்ன, மேதை ஜெயிப்பான் என்று முடித்துக் கைதட்டலும் வாங்கிவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு வேண்டியது நடுவில் இருக்கிற அந்த ஐந்தாறு வருஷம்தான். அந்த வருஷங்களில் அவர் தன் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வேலைக்காக ஒவ்வொருவர் வாசலாக ஏறினார். 1910 வாக்கில் திருக்கோவிலூருக்குப் போய், அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயருக்கு, இந்தப் பிள்ளையை ஆபீஸ் மூலையில் உட்கார வைக்க மனம் வரவில்லை. கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். சென்னையில் சேஷு ஐயர் இருந்தார். கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் எடுத்தவர். பிறகு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1911-இல் முதல் ஆய்வுக் கட்டுரை அச்சானது. 1912 மார்ச்சில் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது 1913 ஜனவரி 16. அப்போது அவருக்கு வயது 25. அதற்கு முன் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதங்களுக்குப் பலன் கிடைக்கவில்லை, ஆனாலும் எழுதினார்.

போகிப் பண்டிகைக்கு வந்திருந்தபோது உன் நோட்டை ஒருமுறை பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேட்டூர் நீர்மட்டத்தைத் தேதி போட்டு எழுதி வந்திருக்கிறாய். தண்ணீர் திறந்த நாள் சிவப்பு மையில், நம் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த நாள் நீல மையில். அணை நிரம்பி 120 அடி தொட்ட நாட்களைச் சுற்றி ஒரு வட்டம். நான் பக்கத்தைத் திருப்புவதற்குள் வாங்கித் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டாய். சும்மா கிறுக்கியது மாமா என்றாய். மேட்டூரில் திறந்த தண்ணீர் நம் கடைமடைக்கு வர எத்தனை நாள் ஆகிறது, எந்த வருஷம் தாமதம், ஏன் தாமதம் என்று ஒரு கிராமத்துப் பையன் வருஷக்கணக்கில் குறித்து வைத்திருப்பதற்குப் பெயர் கிறுக்கல் இல்லை. உன் ஆசிரியர் ஒருவரிடமாவது அதைக் காட்டியிருக்கிறாயா? பக்கத்தில் ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏ.டி.டி. என்று தொடங்கும் நெல் ரகமெல்லாம் அங்கே பிறந்தவை. அங்கே ஒருவரிடம் காட்டினால் என்ன குறைந்துவிடும்? "இதில் மழையளவு எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாலும் உனக்கு அடுத்த வருஷத்துக்கு வேலை கிடைத்துவிடும். எனக்கு என்ன வரும் என்பது மொட்டைமாடியில் தனியாகப் படுத்து யோசித்தால் தெரிகிற விஷயமே இல்லை, மாப்பிள்ளை. அரைகுறையாகச் செய்ததை நம்மைவிடத் தெரிந்தவர் முன்னால் வைக்கும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புலப்படும்.

தெரிந்தவர் கேட்கிற கேள்வி வலிக்கவும் செய்யும். உ.வே.சாமிநாதையர் உன் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தது 1880-இல். அவருக்கும் அப்போது ஏறத்தாழ 25 வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஐந்து வருஷம் பாடம் கேட்டவர். ஊரே மதித்த படிப்பு. முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்றதும் அந்தாதி, உலா, கோவை, புராணம் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. வேறொருவராக இருந்தால் அந்த வாசலை அன்றோடு மறந்திருப்பார். இவர் திரும்பத் திரும்பப் போனார். சிந்தாமணியில் சமணச் செய்திகள் புரியாதபோது கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் அவருடைய சிந்தாமணிப் பதிப்பு வந்தது. அந்த வருஷக் கடைசியில்தான் ராமானுஜன் பிறந்தார். உ.வே.சா. 1903-இல் சென்னைக்கு மாறிப்போக, மறு வருஷம் ராமானுஜன் அதே கல்லூரிக்குள் நுழைந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் தவறவிட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கேட்பதில்லை.

இன்னொன்று. பெரியவன் ஆவது என்றால் என்ன என்று ஆர்னெட் கேட்டபோது, தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பது, தானே முடிவெடுப்பது, தன் காசில் நிற்பது என்று அமெரிக்கப் பிள்ளைகள் சொன்னார்களாம். நம் பக்கத்தில் அதோடு வீட்டுக் கணக்கையும் சேர்த்துக்கொள். கூட்டுறவுச் சங்கத்தில் எவ்வளவு கடன், அம்மாவின் நகை எந்த பேங்கில், குத்தகை எவ்வளவு பாக்கி, இந்தக் குறுவைக்கு ஏக்கருக்கு என்ன செலவு என்று உனக்குத் தெரியுமா? அப்பாவிடம் கேள். கேட்கிற மகனிடம் எந்த அப்பாவும் கணக்கை மறைக்க மாட்டார். அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் உன் கணக்கில் விழுகிற மாதம் 1,000 ரூபாயில் பஸ்ஸுக்கு எவ்வளவு, டேட்டாவுக்கு எவ்வளவு என்று நீயும் எழுது. ராத்திரி ஒரு மணி வரை போன் பார்ப்பதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை; அது உனக்கே தெரியும்.

திருப்பூரை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் நம் ஊரில் எத்தனையோ வீட்டு அடுப்பு அந்தச் சம்பளத்தில் எரிந்தது. வீட்டுக் கணக்கைப் பார்த்தபின், போய்த்தான் ஆக வேண்டும் என்று இருந்தால், போ. நானே பஸ் ஏற்றிவிடுகிறேன். ரிசல்ட்டுக்குப் பயந்து போவதாக இருந்தால் போகாதே. அங்கே போனாலும் அந்தப் பயம் கூடவே வரும்.

குறுவை அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் அப்பா நெல்லைக் கொட்டி வைத்திருக்கிறாராம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் எடுக்க மாட்டார்கள் என்று பகலெல்லாம் கிளறிக் காயவைக்கிறார். ராத்திரி அங்கேயே தார்ப்பாய்க்குக் காவல். இந்தச் சனிக்கிழமை நீ போய் அவரோடு படுத்துக்கொள். அரியர் விஷயத்தை அங்கே வைத்துச் சொல். கத்துவார்; கத்தட்டும், எதிர்த்துப் பேசாதே. அரியர் தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி என்ன என்று திங்கட்கிழமை ஆபீசில் விசாரித்து எனக்குச் சொல். பணம் நான் அனுப்புகிறேன். ஆடுதுறைக்கு எந்த நாள் உனக்குத் தோது என்றும் எழுது, நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
மாமா