மேலிருந்து கீழே: செயின்ட் லூசியாவின் எரிமலையை ஒரே பகலில் பார்ப்பது எப்படி?

கரீபியன் கடலின் கிழக்கு விளிம்பில் வரிசையாக நிற்கும் தீவுகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் பிறந்தவை. அட்லாண்டிக் கடலுக்கடியில் உள்ள பாறைத்தட்டு கரீபியன் தட்டுக்குக் கீழே மெல்லச் சொருகிக்கொண்டு போகிறது. ஆழத்தில் பாறை உருகி, மேலே வர வழி கிடைத்த இடங்களில் எரிமலைகள் எழுந்தன. அந்த வரிசையில் செயின்ட் லூசியாவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. எரிமலை எழுப்பிய சிகரங்கள், இன்னும் கொதிக்கும் அதன் பள்ளம், மலையின் தாதுக்களைக் கரைத்துக்கொண்டு இறங்கும் அருவி, எல்லாம் போய் முடியும் கடல் என அத்தனையும் சூஃப்ரியேர் என்ற சிற்றூரைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு பகல் போதும்.

ஆனால் வரிசை மாறினால் அந்தப் பகல் வீணாகிவிடும். வழக்கமான சுற்றுலாப் பட்டியலில் ஏழெட்டு இடங்கள் இருக்கும்; ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் இறக்கி, படம் எடுக்க வைத்து, மீண்டும் வண்டியில் ஏற்றுவார்கள். அப்படிப் பார்த்தால் மலை வேறு, சேறு வேறு, அருவி வேறு என்று துண்டு துண்டாகவே மனதில் நிற்கும். நான் சொல்லும் முறை எளிது. மழைத்தண்ணீர் இறங்கும் வழியிலேயே நீங்களும் இறங்குங்கள். முதலில் உயரம், பிறகு கொதிக்கும் பள்ளம், பிறகு அருவி, கடைசியில் கடல். அப்போதுதான் பார்த்தது எல்லாம் ஒரே எரிமலை என்பது புரியும்.

எப்போது போவது, என்ன எடுத்துக்கொள்வது

டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. ஜூன் தொடங்கி நவம்பர் வரை புயல் காலம். 2010 அக்டோபர் இறுதியில் வந்த தோமஸ் புயலில் சூஃப்ரியேர் பக்கத்து மலைச்சரிவுகள் பெரிய அளவில் சரிந்தன. அந்த மாதங்களில் போவதாக இருந்தால், முதல் நாள் இரவே சாலை நிலவரத்தை ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லண்டன், டொராண்டோ, நியூயார்க் நகரங்களிலிருந்து நேரடி விமானங்கள் உண்டு. அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒரு வார விடுமுறைக்குள் அடங்கும் பயணம்தான். விமானம் இறங்குவது தீவின் தெற்கு முனையில் உள்ள ஹெவனோரா நிலையத்தில். தலைநகர் காஸ்ட்ரீஸ் வடமேற்கில் இருக்கிறது. சூஃப்ரியேர் இரண்டுக்கும் நடுவே, மேற்குக் கரையில்.

பையில் இருக்க வேண்டியவை: பிடிப்புள்ள காலணி, பழைய கருநிற நீச்சலுடை, மாற்றுடை, பழைய துண்டு, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஈரத்துணியைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. வெளிர்நிற உடைகளைச் சேற்றுக் குளியலுக்கு உடுத்தாதீர்கள், கறை போகாது. ராணுவப் புள்ளிச் சட்டை, அதே நிறத் தொப்பி எதுவும் வேண்டாம். பொதுமக்கள் அதை அணிவது அங்கே சட்டப்படி குற்றம். குழந்தைகளின் உடையையும் பார்த்து எடுத்து வையுங்கள்.

வெள்ளி நகைகளை அறையிலேயே விட்டுவிடுங்கள். கொலுசு, மெட்டி, அரைஞாண் என்று நம் வீட்டில் வெள்ளி எங்கெல்லாம் இருக்கும் என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். கந்தக ஆவி பட்டால் வெள்ளி கறுத்துவிடும்.

வண்டியும் வழிகாட்டியும்

இந்த நாளின் பாதி வெற்றி ஓட்டுநர் கையில். உரிமம் பெற்ற டாக்சிகளின் எண் பலகை ‘டி.எக்ஸ்’ என்று தொடங்கும். அதைப் பார்த்து ஏறுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் தனி வண்டியே மேல். பெரிய பேருந்தில் சேர்ந்துவிட்டால் வரிசையை மாற்றச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது.

பேரம் பேசும்போது ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: எந்த டாலர்? அங்கே புழங்குவது கிழக்குக் கரீபியன் டாலர். ஓர் அமெரிக்க டாலருக்கு அதில் 2.70 என்பது பல பத்தாண்டுகளாக மாறாத மதிப்பு. அமெரிக்க டாலரையும் வாங்கிக்கொள்வார்கள் என்பதால், ‘டாலர்’ என்று மட்டும் பேசி முடித்தால் இறங்கும்போது மனஸ்தாபம்தான் வரும். நுழைவுக் கட்டணங்கள் வாடகைக்குள் சேருமா என்பதையும் அப்போதே கேளுங்கள். நீங்கள் போக விரும்பும் வரிசையை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

காலை ஏழு மணி: மேற்குக் கரைச் சாலை

காஸ்ட்ரீஸ் பக்கம் தங்கியிருப்பவர்கள் ஏழு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். பயணக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வரும் நாட்களில், அவற்றின் பேருந்துகள் இதே சாலையில்தான் வரும். சூஃப்ரியேருக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஆகும். தூரம் அதிகமில்லை, வளைவுகள்தான் அதிகம். தலைசுற்றல் வருபவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள்.

வழியில் மாரிகோ விரிகுடாவை மேலிருந்து பார்க்க ஐந்து நிமிடம் நிற்கலாம். ஆன்ஸ் லா ரே என்ற மீனவ ஊரைத் தாண்டினால் மரவள்ளி மாவில் ரொட்டி சுடும் கடை வரும். சூடாக இருக்கும்போதே வாங்கிச் சாப்பிடுங்கள். தேங்காய் சேர்த்தது, மசாலாப் பொருள் சேர்த்தது, மீன் வைத்தது என்று வகைகள் உண்டு; சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும். சூஃப்ரியேருக்குள் இறங்குவதற்கு முன் சாலையோரப் பார்வைமேடை ஒன்று இருக்கிறது. ஊரும் விரிகுடாவும் அதன் பின்னால் பெட்டி பிட்டோன் சிகரமும் ஒரே பார்வையில் தெரியும் இடம். இங்கே ஓட்டுநரிடம் சொல்லி நிதானமாக நில்லுங்கள். சுற்றியுள்ள மலைகள் ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பு என்பதும், அந்தப் பள்ளத்தின் மேற்குப் பக்கம் கடலை நோக்கித் திறந்து கிடப்பதும் தெரியும். குவாலிபூ என்று அதற்குப் பெயர். நாள் முழுக்க நீங்கள் சுற்றப்போவது இதற்குள்தான்.

முதலில் மேலே: டெட் பால் நடைபாதை

ஊருக்குள் நிற்காமல் நேராக டெட் பாலுக்கு ஏறச் சொல்லுங்கள். போகும் வழியில் கந்தக ஊற்றுக்குத் திரும்பும் கிளைச்சாலை வரும், ஓட்டுநரும் அங்கே திருப்பப் பார்ப்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். காலை வானம் தெளிந்திருக்கும்போதே உயரத்தைப் பார்த்துவிட வேண்டும். நேரம் போகப்போகச் சிகரங்களில் மேகம் ஏறிவிடும்.

டெட் பாலை உள்ளூர்ச் சமூகத்தினரே நடத்துகிறார்கள். கட்டணத்துக்குள்ளேயே வழிகாட்டியும் வருவார். முக்கால் மணி நேர நடை. கடைசியில் உள்ள படிகள் மட்டும் கொஞ்சம் செங்குத்து. வழியில் அன்னாசி, மரவள்ளி, மூலிகைச் செடிகளைக் காட்டிப் பெயர் சொல்வார்கள். தெரிந்த செடியைப் பார்த்தால் நீங்களும் பேச்சுக் கொடுங்கள்; அவர்களும் மகிழ்ந்து இன்னும் நிறையச் சொல்வார்கள்.

மேலே ஏறி நின்றால் இடப்பக்கம் க்ரோ பிட்டோன், வலப்பக்கம் பெட்டி பிட்டோன், நடுவில் கடல். யுனெஸ்கோ கணக்கில் 770 மீட்டர், 743 மீட்டர். இரண்டும் கடலிலிருந்து நேராக எழுந்தவை. கெட்டியான எரிமலைக் குழம்பு ஓட முடியாமல், வெளிவந்த இடத்திலேயே குவிந்து இறுகியதால்தான் இவ்வளவு செங்குத்து. இந்தப் பகுதி 2004இல் உலக பாரம்பரியச் சின்னமானது. க்ரோ பிட்டோனில் மட்டும் குறைந்தது 148 தாவர இனங்கள் பதிவாகியிருக்கின்றன. நாட்டின் கொடியில் உள்ள முக்கோணங்களும் இந்தச் சிகரங்களைக் குறிப்பவைதான். வானம் தெளிந்திருந்தால் தெற்கே செயின்ட் வின்சென்ட் தீவும் தெரியும். 2021இல் வெடித்த எரிமலை அங்கேதான் இருக்கிறது.

கந்தக ஊற்று: அவசரப்பட வேண்டாத இடம்

இனி கீழே இறங்குங்கள். கிளைச்சாலையில் திரும்பியதுமே அழுகிய முட்டை வாடை வரும். ஹைட்ரஜன் சல்பைடு. சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் மருத்துவரிடம் கேட்காமல் இங்கே வரக்கூடாது.

சுற்றிப்பார்க்க ஒரு சீட்டு, சேற்றுக் குளியலுக்கு ஒரு சீட்டு. இரண்டையும் சேர்த்தும் தருவார்கள். பலர் குளியலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெரிய இழப்பு. மேலே உள்ள பார்வைமேடையில் நின்று ஒரு குழியை மட்டும் கவனித்துப் பாருங்கள். சாம்பல் நிறச் சேறு, அடுப்பில் கொதிக்கும் கேழ்வரகுக் கூழ் போல, பெரிய குமிழாக எழும்பி, உடைந்து, மீண்டும் எழும்பும். சுற்றியுள்ள தரை வெளுத்தும் மஞ்சளாகவும் கிடக்கும். ஒரு புல்கூட இராது. மழைநீர் உள்ளே கசிந்து, ஆழத்தில் இருக்கும் சூட்டால் கொதித்து, வாயுக்களோடு மேலே வருகிறது. அந்த வாயு தண்ணீரை அமிலமாக்குகிறது. அமிலம் பாறையைத் தின்று களிமண்ணாக்குகிறது. நீங்கள் உடம்பில் பூசப்போகும் சேறு இப்படித்தான் உண்டாகிறது. தண்ணீரின் கருமைக்குக் காரணம் அதில் கலந்த இரும்பும் கந்தகமும்.

ஒருகாலத்தில் பார்வையாளர்கள் குழியின் ஓரம்வரை நடந்து போனார்கள். 1990களின் நடுவில் ஒரு வழிகாட்டியின் காலடியில் தரை உடைந்து, இடுப்புக்குக் கீழே கடுமையாகச் சுட்டுக்கொண்டார். உயிர் பிழைத்தார். அதன் பிறகுதான் வேலி போட்டார்கள். அந்த வேலியைத் தாண்டிப் படம் எடுக்கும் ஆசை யாருக்கும் வர வேண்டாம். இங்கே கடைசியாக நடந்தது 1766 வாக்கில் ஏற்பட்ட நீராவி வெடிப்பு. டிரினிடாடில் உள்ள மேற்கிந்தியப் பல்கலைக்கழக நிலநடுக்க ஆய்வு மையம் இந்த மலையைத் தொடர்ந்து கண்காணிக்கிறது.

இனி குளியல். முதலில் தொட்டியில் மெதுவாக இறங்குங்கள். குளிக்கும் தண்ணீரே நல்ல சூடு. பத்து நிமிடத்தில் ஏறிவிட்டு, வாளியில் உள்ள சேற்றை எடுத்து மெல்லிதாகப் பூசுங்கள். கண்ணருகிலும் புண் உள்ள இடத்திலும் வேண்டாம். வெயிலில் நின்றால் சேறு காய்ந்து தோலை இழுக்கும். முழுக்கக் காய்ந்ததும் மறுபடி தொட்டியில் இறங்கித் தேய்த்துக் கழுவுங்கள். மொத்தத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் வெந்நீரில் இருக்காதீர்கள். எழுந்ததும் தலை கிறுகிறுக்கும். வெளியே வந்ததும் தண்ணீர் குடியுங்கள்.

அருவிகளும் தோட்டமும்

வாடை முழுக்கப் போக டொரெய் அருவிக்குப் போங்கள். குளிர்ந்த நல்ல தண்ணீர் நேராகத் தலையில் விழும். வெந்நீருக்குப் பின் அந்தக் குளிர்ச்சி தரும் சுகத்துக்காகவே இந்த வரிசை.

அடுத்தது டயமண்ட் தோட்டம். இங்கே அருவியில் குளிக்க அனுமதி இல்லை, பார்க்க மட்டும்தான். மலையின் தாதுக்களைச் சுமந்து வரும் தண்ணீர் பாறையில் மஞ்சள், பச்சை, கரும்பழுப்பு என்று படிந்து நிறம் பூசியிருக்கும். இதே பாதையில் உள்ள வெந்நீர்த் தொட்டிகளுக்கு வரலாறு உண்டு. பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயி தந்த பணத்தில், 1784இல் அவருடைய படைவீரர்களுக்காகக் கட்டப்பட்டவை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சிதைந்து, பிறகு பழுதுபார்க்கப்பட்டன.

சாப்பாடு

ஊருக்குள் வந்து சாப்பிடுங்கள். பச்சை வாழைக்காயும் உப்பிட்ட மீனும் இந்த நாட்டின் தேசிய உணவு. சைவர்களுக்குச் சுட்ட ஈரப்பலா, சேம்பு, வாழைப்பழ வறுவல், பருப்பு கிடைக்கும். உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் வைத்துச் சுருட்டிய ‘ரொட்டி’யும் கிடைக்கும், 1859இல் தொடங்கிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் விட்டுச்சென்ற சாப்பாடு அது. கீரை சூப்பில் இறைச்சியோ நண்டோ போடும் வழக்கம் இருப்பதால், கேட்காமல் வாங்காதீர்கள்.

கடைசியில் கடல்

சூஃப்ரியேர் படகுத்துறையில் படகு பேசி, பெட்டி பிட்டோனின் அடிவாரம்வரை போங்கள். காலையில் மேலிருந்து பார்த்த பாறை இப்போது தலைக்கு மேலே நிற்கும். அதே சரிவு தண்ணீருக்குள்ளும் தொடர்ந்து இறங்குகிறது; பாரம்பரியப் பகுதியின் கடற்பரப்பில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பவளப்பாறை. 1995 முதல் இங்கே கடல் மேலாண்மைப் பகுதி ஒன்று இயங்குகிறது. எங்கே மீன் பிடிக்கலாம், எங்கே நங்கூரம் போடலாம் என்பதற்கெல்லாம் எல்லை உண்டு. முகமூடி போட்டு நீந்தும்போது பவளத்தைத் தொடாதீர்கள், அதன்மேல் நிற்காதீர்கள். இரண்டு சிகரங்களுக்கும் நடுவே உள்ள மணற்கரையில் பெரிய விடுதி இருந்தாலும் கரை பொதுச்சொத்து, தயங்காமல் இறங்கலாம். கரையோர மரங்களில் மாஞ்சினீல் என்று ஒன்று உண்டு. அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், பழம் நஞ்சு. மழை வந்தால் அதன் கீழே ஒதுங்காதீர்கள். பல இடங்களில் அந்த மரங்களுக்குச் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள்.

மாலை நாலரைக்குள் திரும்பிவிட்டால் வளைவுச் சாலையை வெளிச்சத்திலேயே கடக்கலாம். காலில் வலு மிச்சம் இருப்பவர்கள் க்ரோ பிட்டோன் ஏற்றத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடிமைத்தளையை உடைத்துத் தப்பியவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஃபோன் ஜான் லீப் என்ற ஊரிலிருந்து பாதை தொடங்குகிறது. உள்ளூர் வழிகாட்டியோடுதான் ஏற வேண்டும். ஏறி இறங்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும் என்பதால் காலை ஏழரைக்குள் அங்கே இருங்கள்.