சவுலின் உயரமும் சாமுவேல் வாசித்த பட்டியலும்



இந்த மாத வேதபாடத்திற்கு 1 சாமுவேல் 8 முதல் 12 வரையுள்ள அதிகாரங்களை வாசித்து வையுங்கள். சவுல் ராஜாவான சம்பவம் ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே நமக்குத் தெரியும். தெரிந்த கதை என்பதாலேயே அதிலுள்ள ஒரு காரியத்தை வேகமாகத் தாண்டிப் போயிடுறோம். ஜனங்கள் ஒரு தலைவனைத் தெரிந்துகொள்ளும்போது எதைப் பார்க்கிறார்கள், எதைக் காதிலே வாங்காமல் விடுகிறார்கள் என்பதே அது. தேர்தல் வந்துட்டா தெருவெல்லாம் கட்-அவுட்டும் மைக் செட்டுமாக ஆகிப்போகிற நம்ம ஊர்ப் பக்கத்தில் இந்தப் பாடம் அவசியம். எந்தக் கட்சியையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. நீங்களும் அப்படி வாசிக்க வேண்டாம்.

முதலாவது, ஜனங்கள் சொன்ன குறை பொய்யான குறை அல்ல. சாமுவேலின் குமாரராகிய யோவேலும் அபியாவும் பெயெர்செபாவிலே நியாயாதிபதிகளாயிருந்து பரிதானம் வாங்கினார்கள், நியாயத்தைப் புரட்டினார்கள் (8:1-3). காசு கொடுத்தால்தான் வழக்கு ஜெயிக்கும் என்றால் ஏழை எங்கே போவான்? மூப்பர்கள் ராமாவுக்கு வந்து முறையிட்டதிலே தவறில்லை. ஆனால் அவர்கள் கேட்ட பரிகாரத்தைப் பாருங்கள். லஞ்சம் வாங்காத நியாயாதிபதி வேண்டும் என்று கேட்கவில்லை, ராஜா வேண்டும் என்றார்கள். ராஜா வந்தால் பெயெர்செபாவில் லஞ்சம் எப்படி நிற்கும்? அதை அங்கே ஒருவரும் கேட்டதாக எழுதப்படவில்லை. வியாதி ஒன்று, வாங்கின மருந்து வேறொன்று!

அடுத்ததாக நடந்ததுதான் இந்தப் பகுதியிலே மிகவும் கவனிக்க வேண்டியது. ராஜா வந்தால் என்னென்ன எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் ஒரு பட்டியலையே ஜனங்களுக்கு முன்பாக வைக்கிறார் (8:11-18). குமாரர்கள் ரதத்துக்கும் உழவுக்கும் ஆயுத வேலைக்கும் போவார்கள். குமாரத்திகள் தைலம் செய்யவும் சமைக்கவும் அப்பம் சுடவும் போவார்கள். நல்ல வயலும் திராட்சத்தோட்டமும் ஒலிவத்தோப்பும் ராஜாவின் ஊழியக்காரருக்குப் போகும். விளைச்சலிலும் ஆட்டு மந்தையிலும் பத்தில் ஒன்று அவனுக்கு. வேலைக்காரரும் கழுதைகளும்கூட அவனுக்கே. கடைசியில் நீங்களே அடிமைகள். இதைவிடத் தெளிவாக யார் கணக்குச் சொல்ல முடியும்? மறைத்து வைத்த வரி எதுவும் இதில் கிடையாது, எல்லாம் வெளியரங்கம்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? பட்டியலிலே ஒரு வரியைக்கூட எடுத்துப் பேசவில்லை. பத்தில் ஒன்று அதிகம், இருபதில் ஒன்றாக்குங்கள் என்று பேரம்கூடப் பேசவில்லை. நம்ம ஜனங்க கத்தரிக்காய்க்கே பேரம் பேசுவாங்க! எங்களுக்கு முன்னாலே போய் எங்கள் யுத்தத்தை நடத்த ஒருவன் வேண்டும் என்பதே அவர்கள் பதில் (8:19-20). லஞ்சம் என்று ஆரம்பித்த பேச்சு யுத்தத்திலே வந்து நின்றது.

ஏன் இப்படி? விடை 12:12-ல் இருக்கிறது. அம்மோன் புத்திரரின் ராஜாவாகிய நாகாஸ் வருகிறதை அவர்கள் கண்டிருந்தார்கள். யாபேசின் மனுஷருடைய வலதுகண்களைப் பிடுங்குவேன் என்று நிபந்தனை போட்டவன் அவன் (11:2). பயம் வந்த வீட்டிலே கணக்குப் புத்தகத்தை யாரும் திறக்க மாட்டார்கள். கதவண்டை நிற்க ஒரு பலசாலி இருக்கிறானா என்றுதான் பார்ப்பார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் ஏன் முதலில் ஒரு எதிரியைக் காட்டிவிட்டு அப்புறம் தங்களைக் காட்டுகிறார்கள் என்பது இப்போது விளங்குகிறதா?

சவுல் மற்ற ஜனங்கள் எல்லாருக்கும் தோளுக்கு மேலே உயரமாயிருந்தான். தளவாடங்களுக்குள்ளே ஒளிந்துகொண்டிருந்தவனை இழுத்து வந்து நிறுத்தினார்கள். ஜனங்கள் கண்டார்கள், ஆர்ப்பரித்தார்கள் (10:22-24). ஒளிந்துகொண்டதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை பாருங்க, உயரத்தைத்தான் எடுத்தார்கள். பிற்பாடு கோலியாத் நாற்பது நாள் காலையும் மாலையும் வந்து சவால் விட்டபோது அந்த உயரம் கூடாரத்தை விட்டு வெளியே வரவில்லை.

இது பழைய காலத்து ஜனங்களின் பேதைமை என்று நினைக்க வேண்டாம். 2009-ல் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 5 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இரண்டு இரண்டு முகங்களாகப் படம் காட்டி, நீ கப்பலில் போனால் இவர்களில் யாரைக் கேப்டனாக வைப்பாய் என்று கேட்டார்கள். அவை பிரான்ஸ் பாராளுமன்றத் தேர்தலில் 2002-ல் எதிரெதிராக நின்ற வேட்பாளர்களின் படங்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் கை காட்டியது 100-க்கு 71 தடவை ஜெயித்தவரையே. பூவா தலையா போட்டால் 50 வரும். பெரியவர்கள் கொள்கையைப் பார்த்து ஓட்டுப் போட்டதாகச் சொல்லியிருப்பார்கள். ஆனால் கொள்கை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகளும் பெரும்பாலும் அதே ஆளிடம்தான் வந்து சேர்ந்தார்கள்.

இதற்காக ஜனங்களை மட்டமாகப் பேசுவதும் சரியல்ல. சித்தாள் வேலை முடித்து இரவு எட்டு மணிக்கு வீடு வருகிற சகோதரி, தேர்தல் அறிக்கையை உட்கார்ந்து படிப்பாளா, உலை வைப்பாளா? படித்தாலும், அந்தத் திட்டத்துக்குப் பணம் போதுமா என்று எப்படி அறிவாள்? ஆனால் ஒருவன் குரல் நடுங்குகிறதா, கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா என்பதை எவரும் நிதானிக்கலாம். அதற்குப் படிப்பு வேண்டாம். அதுமட்டுமல்ல, நாளைக்கு எந்த வெள்ளம், எந்தக் கொள்ளைநோய் வரும் என்று இன்று எந்த அறிக்கையிலும் இருக்காது. ஆகவே ஆளைப் பார்ப்பதிலும் நியாயம் உண்டு. மோசேக்கு எத்திரோ சொன்ன ஆலோசனையும் ஆளைப் பார்க்கச் சொல்லுகிறதே (யாத். 18:21). ஆனால் எத்திரோ சொன்ன அளவுகோல்கள் திறமை, தேவபயம், உண்மை, பொருளாசையை வெறுத்தல். உயரமும் குரலும் அதிலே இல்லை. அவர் சொன்னவை பக்கத்துத் தெருவில் விசாரித்தாலே தெரியக்கூடியவை.

சத்தமாகப் பேசுகிறவன் எப்போதும் ஜெயிக்கிறானா? இல்லை. 1 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தைத் திருப்புங்கள். சாலொமோனின் மகன் ரெகொபெயாமை ராஜாவாக்க இஸ்ரவேலர் சீகேமுக்கு வருகிறார்கள். இந்தத் தடவை வெறுங்கையாய் வரவில்லை. உமது தகப்பன் வைத்த பாரமான நுகத்தை லகுவாக்கும், அப்பொழுது உம்மைச் சேவிப்போம் என்று ஒரே கோரிக்கையோடு வருகிறார்கள். ரெகொபெயாம் மூன்று நாள் தவணை வாங்கி, வாலிபரின் ஆலோசனைப்படி, அப்பாவைவிட நான் கடினமானவன் என்று மிரட்டிப் பேசினான். இன்றைக்கு என்றால் அதற்கு விசில் பறந்திருக்கும். அங்கே பத்துக் கோத்திரங்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டன. கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு முன்னால் அவனுடைய வீறாப்பு செல்லவில்லை.

நம் காலத்துக்குக் கிட்ட ஒரு உதாரணம் இங்கிலாந்திலே உண்டு. 1945-ல் வின்ஸ்டன் சர்ச்சில் ஹிட்லரை ஜெயித்த வீரர், ரேடியோவிலே அவர் பேசினால் தேசமே கேட்கும். எதிரே நின்ற கிளெமென்ட் அட்லி அதிர்ந்து பேசாதவர், மனைவி ஓட்டின சின்னக் காரிலே பிரசாரத்துக்குப் போனவர். சர்ச்சில் ஜூன் 4-ஆம் தேதி ரேடியோவில், தொழிற்கட்சி வந்தால் ஹிட்லருடைய ரகசியப் போலீஸ் மாதிரி ஒன்று வந்துவிடும் என்று பயம் காட்டினார். ஜனங்கள் பயப்படவில்லை. ஜூலை 26-ல் முடிவு வந்தபோது தொழிற்கட்சிக்கு 393 இடங்கள்! காரணங்கள் பல உண்டு, ஆனால் ஒன்றைச் சொல்லுகிறேன். 1942 டிசம்பரிலே பெவரிட்ஜ் என்பவர் வியாதி, வேலையின்மை, முதுமை ஆகியவற்றுக்கு அரசாங்கம் என்ன செய்யலாம் என்று ஒரு அறிக்கை கொடுத்திருந்தார். அரசாங்க அறிக்கை, வறட்டு எழுத்து. ஆனாலும் ஜனங்கள் வரிசையில் நின்று லட்சக்கணக்கில் வாங்கினார்கள். இரண்டரை வருஷம் அதைப் பேசிப் பேசி, தேர்தல் வந்தபோது கேட்க வேண்டிய கேள்வி அவர்களிடம் இருந்தது. 1948 ஜூலை 5-ல் எல்லாருக்கும் இலவச வைத்தியம் வந்தது. நம் தேசத்துக்கு 1947-ல் சுதந்தரம் வந்ததும் அந்த அட்லி பிரதமராயிருந்த நாளிலேதான். (சர்ச்சில் 1951-ல் திரும்பவும் பிரதமரானார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜனங்கள் அவரை மறந்துவிடவில்லை.)

அப்படியானால் கேள்வியை எப்போது தயார் பண்ணுவது? பிரசார வண்டி தெருவுக்குள் வந்தபிறகு முடியாது. அப்போது பாட்டுச் சத்தத்திலே பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. முன்னாடியே வீட்டிலே உட்கார்ந்து, நம் தெருவுக்கு எது முதலாவது வேண்டும் என்று இரண்டு மூன்று வரி எழுதி வையுங்கள். தண்ணீரா, சாக்கடையா, ஆஸ்பத்திரியில் டாக்டரா? வருகிறவரிடம் அதற்குப் பணம் எங்கிருந்து வரும், எந்த வருஷத்துக்குள் முடியும் என்று மரியாதையாகக் கேளுங்கள். அதட்டினால் ரெகொபெயாமை நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் நிற்கிற ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். 2002, 2003-ல் உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்புகளால் வந்த ஏற்பாடு இது. அவர்மேலுள்ள வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதிலே இருக்கும். தேர்தல் கமிஷன் வலைத்தளத்தில் யாரும் பார்க்கலாம். நம் வாலிபர்கள் கையிலே எந்நேரமும் போன் இருக்கிறதே, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு அதைத் திறந்து வாசித்துக் காட்டட்டும். இரண்டு வேட்பாளர்களுடைய பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படத்தை மூடிவிட்டு வாசியுங்கள்.