புரொப்பெல்லரின் காயங்கள் சொல்வது என்ன?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம் பெருக்குவதற்காக விடப்படும் தடைக்காலம் அது. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய ஊர்களுக்குச் சென்றால், அந்நாட்களில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதைக் காணலாம். மற்ற நாட்களில் நீருக்குள் மறைந்திருக்கும் ஓர் உறுப்பை அப்போதுதான் கண்ணால் பார்க்க முடியும். அதுவே படகை உந்தித் தள்ளும் விசிறியாகிய புரொப்பெல்லர்.

உற்றுப் பாருங்கள். அதன் இதழ்களில் குழிகள் இருக்கும், ஓரங்கள் மெலிந்திருக்கும், சில இடங்களில் நிறம் மாறியிருக்கும். "உப்புத் தண்ணீர் அரித்துவிட்டது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாமா? கூடாது. காய்ச்சல் என்றவுடன் எல்லாருக்கும் ஒரே மருந்தை மருத்துவர் கொடுப்பதில்லை அல்லவா? இங்கேயும் நோய்கள் மூன்று. ஒன்றுக்கு உரிய மருந்து மற்றதற்குப் பயன்படாது. தவறான மருந்துக்குச் செலவழித்தால் பணமும் போகும்; அடுத்த ஆண்டு இதழும் போகும். எனவே நோயை அறிவதே முதல் வேலை.

முதல் நோய்: மின்வேதி அரிமானம்

கடல்நீரில் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆகவே அது நல்ல மின்பகுளி. இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அதில் மூழ்கியிருந்தால், அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடுகிறது. எளிதில் எலெக்ட்ரான்களை இழக்கும் உலோகம் நேர்மின்வாயாகிக் கரைகிறது, மற்றது தப்பிக்கிறது.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற மரக்கப்பலின் அடிப்புறத்துக்குச் செப்புத் தகடு போர்த்தியது. மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று திரும்பிய அதை 1763-இல் சோதித்தபோது, செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் உளுத்துப் போயிருந்தன. ஆனால் தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் நடுவில் மாட்டிக்கொண்ட இடங்களில் ஆணிகள் நன்றாக இருந்தன. காகிதம் மின்காப்பாக நின்று மின்சுற்றைத் துண்டித்துவிட்டது!

1824-இல் ஹம்ப்ரி டேவி இதே விதியை நன்மைக்குத் திருப்பினார். செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால், அது தான் கரைந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். இன்று படகின் அடியில் பொருத்தப்படும் துத்தநாகக் கட்டி செய்வது அந்தத் தியாகத்தைத்தான். அது எவ்வளவு கரையும்? பாரடேயின் விதிப்படி கணக்கிடுவோம். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டு பாய்ந்தால் 3.15 கோடி கூலூம் மின்னூட்டம். 65.4 கிராம் துத்தநாகம் கரைய 1,93,000 கூலூம் வேண்டும். வகுத்துப் பெருக்கினால் ஏறத்தாழ 10.7 கிலோகிராம் வரும்.

புரொப்பெல்லர் வார்க்கப் பரவலாகப் பயன்படும் 'மாங்கனீசு வெண்கலம்' பெயரில்தான் வெண்கலம். அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பங்கு செம்பு, 39 பங்கு துத்தநாகம். அதாவது உண்மையில் அது ஒரு பித்தளை. காவல் இல்லாவிட்டால் அதிலுள்ள துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறும். எஞ்சுவது துளைகள் நிறைந்த, வலுவற்ற செம்பு.

அடையாளம்: மஞ்சள் உலோகம் இளஞ்சிவப்பாகத் தெரியும். வடிவம் அவ்வளவாக மாறியிருக்காது. சுத்தியால் மெல்லத் தட்டினால் கணீர் என்ற ஒலிக்குப் பதில் மந்தமான ஒலி கேட்கும்.

இரண்டாம் நோய்: குமிழி அடி

90 செண்டிமீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 600 முறை சுற்றுவதாகக் கொள்வோம். இதழின் நுனி நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் நீரைக் கிழிக்கிறது. பெர்னௌலியின் விதிப்படி, வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். இந்த வேகத்துக்கு ½ρv² என்னும் அளவு ஏறத்தாழ 4 வளிமண்டல அழுத்தம். ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தமோ 1.1 வளிமண்டலம்தான். ஆகவே, அந்த 4-இல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே நீர் தாங்காது. 30 டிகிரி வெப்பநிலையிலேயே கொதித்து நீராவிக் குமிழிகளாகிவிடும்.

குமிழிகள் சற்று நகர்ந்து அழுத்தம் மிகுந்த இடத்துக்கு வந்ததும் நொடிப்பொழுதில் நொறுங்குகின்றன. சுற்றியுள்ள நீர் நடுவே பாய்ந்து உலோகத்தைச் சம்மட்டிபோல் தாக்குகிறது. அப்போது ஆயிரக்கணக்கான வளிமண்டல அழுத்தம் தோன்றக்கூடும் என்று 1917-இல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். கேவிட்டேஷன் என்பது இதுவே.

குமிழிகள் உலோகத்தைத் தின்பதோடு உந்துவிசையையும் குறைக்கும். 1894-இல் சார்லஸ் பார்சன்ஸ் கட்டிய 'டர்பினியா' என்ற படகு எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. ஒரே புரொப்பெல்லர் மிக வேகமாகச் சுழன்று குமிழிகளை உண்டாக்கியதே காரணம். கண்ணாடிச் சாளரம் வைத்த தொட்டியில் அவர் அதைக் கண்ணால் பார்த்தார். பிறகு மூன்று தண்டுகளில் ஒன்பது சிறு புரொப்பெல்லர்களைப் பொருத்தினார். படகு 34 நாட் வேகத்தைக் கடந்தது.

அடையாளம்: கடற்பஞ்சுபோல் கரடுமுரடான, நெருக்கமான குழிகள். பெரும்பாலும் நுனியை ஒட்டி, படகின் முன்புறத்தை நோக்கும் இதழ் முகத்தில் இருக்கும். எல்லா இதழ்களிலும் ஒரே இடத்தில் இருந்தால் வேகமோ வடிவமோ பொருந்தவில்லை. ஒரே இதழில் மட்டும் இருந்தால் அந்த இதழ் வளைந்திருக்கலாம். இதற்குத் துத்தநாகம் மருந்தாகாது.

கந்தர்வக்கோட்டையில் கடல் ஏது என்கிறீர்களா? கிணறு உண்டே! கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மேலே இருக்கும் பம்புக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் ஓசை கேட்கும். உறிஞ்சும் உயரம் கூடியதால் உள்ளே குமிழிகள் தோன்றி உடைகின்றன. வளிமண்டலம் தாங்குவது 10.3 மீட்டர் நீரைத்தான்; நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் தொல்லையே. பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி வைக்கும் விவசாயி, இந்த நோய்க்குச் சரியான மருந்தைத்தான் தருகிறார்.

மூன்றாம் நோய்: மணல் தேய்ப்பு

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். கரையோரத்தில் புரொப்பெல்லர் கிளப்பும் மணலும் சேறும் உப்புத்தாள்போல் இதழைத் தேய்க்கும். அதோடு, உலோகத்தின்மேல் இயல்பாகப் படியும் காப்புப் படலத்தையும் உரித்துவிடும். உரிந்த இடத்தில் அரிமானமும் சேர்ந்துகொள்ளும்.

அடையாளம்: நீரை முதலில் வெட்டும் ஓரமும் நுனியும் மெலிந்திருக்கும். பரப்பு வழவழப்பாக, நீர் ஓடும் திசையில் வரிகளோடு இருக்கும். சில சமயம் குதிரை லாட வடிவில் குழிகள் காணப்படும்.

சோதிக்கும் முறை

1. நன்னீரால் கழுவுங்கள். உடனே தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், தடயம் அழிந்துவிடும்.
2. காயம் எந்த முகத்தில், எந்த ஓரத்தில், எத்தனை இதழ்களில் என்று படம் வரைந்து குறியுங்கள்.
3. நிறம் பாருங்கள். விரலால் தடவுங்கள். தட்டிக் கேளுங்கள்.
4. துத்தநாகக் கட்டியைப் பாருங்கள். பாதியளவு கரைந்திருந்தால் அது வேலை செய்கிறது, மாற்றிவிடலாம்.
5. மல்டிமீட்டரால் கட்டிக்கும் புரொப்பெல்லருக்கும் இடையே மின்தடையை அளவிடுங்கள். ஏறத்தாழச் சுழி காட்ட வேண்டும்.

துத்தநாகம் நல்லதுதானே என்று அள்ளி வைப்பதும் தவறு. காவல் மிகுந்தால் எதிர்மின்வாயருகே காரம் உண்டாகி, மரப்படகில் சுற்றியுள்ள மரத்தைக் கெடுக்கும்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிமானத்தை விரிவாக ஆராய்ந்து வருகிறது. மண்டபத்தில் உலோகங்களைக் கடலிலேயே வைத்துச் சோதிக்கும் நிலையமும் அதற்கு உண்டு.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று தம்ளர்களில், லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்புக் கரைத்த நீர் எடுங்கள். ஒன்றில் வெறும் இரும்பு ஆணி. இரண்டாவதில் செப்புக்கம்பி இறுகச் சுற்றிய ஆணி. மூன்றாவதில் துத்தநாகப் பட்டை சுற்றிய ஆணி. ஒரு வாரம் கழித்துத் துருவை ஒப்பிடுங்கள்.

அடுத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில், கொதிக்கவைத்துக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய நீரைக் கால்பங்கு எடுங்கள். காற்றை வெளியேற்றி, வாயை விரலால் அடைத்து, தண்டை வேகமாக இழுங்கள். குமிழிகள் தோன்றும். விட்டதும் மறையும். புரொப்பெல்லர் நுனியில் நடப்பதை உள்ளங்கையில் கண்டுவிட்டீர்கள்!

இறுதியாக ஒரு கேள்வி. ஓராண்டு கடலில் ஓடிய படகைக் கரையேற்றுகிறார்கள். துத்தநாகக் கட்டி புதிதுபோல் அப்படியே இருக்கிறது. புரொப்பெல்லரோ இளஞ்சிவப்பாக மாறியிருக்கிறது. "நல்ல கட்டி, கரையவே இல்லை, அடுத்த ஆண்டும் ஓடும்" என்று மகிழ்கிறார் படகுக்காரர். நீங்கள் அவரிடம் என்ன சொல்வீர்கள்? படகுக்குச் சாயம் பூசியபோது என்ன நடந்திருக்கலாம் என்பதையும், மேலே ஐந்தாவது சோதனையையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.