தரகுக் கட்டணம்: ஒரு சிறு கணக்கு

1908-இல் அமைந்த கல்கத்தா பங்குச் சந்தையில், லயன்ஸ் ரேஞ்சில், 2013 முதல் வணிகம் இல்லை. இன்று வீட்டிலிருந்தபடியே மும்பைச் சந்தையில் பங்கு வாங்குகிறோம். எந்தத் தரகர் மலிவு? விளம்பரத்தை விட்டுக் கணக்குப் போடுவோம்.

ஒருவர் அரை சதவீதம் கேட்கிறார். மற்றவர் ஆர்டருக்கு 20 ரூபாய். 10,000 ரூபாய்க்கு வாங்கினால் முன்னவருக்கு 50, பின்னவருக்கு 20. 2,000 ரூபாய்க்கு வாங்கினாலோ முன்னவருக்குப் பத்தே ரூபாய்! 4,000-இல் இருவரும் சமம். (முன்னவரிடம் குறைந்தபட்சத் தரகு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இருந்தால் கணக்கு மாறும்.) தரகின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி.

வாங்கி வைத்துக்கொள்ளும் பங்குக்குத் தரகே இல்லை என்று ஜெரோதா 2015 டிசம்பரில் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் பங்குப் பரிவர்த்தனை வரியும் முத்திரைத் தீர்வையும் எவரிடம் வாங்கினாலும் உண்டு.

ஓய்வூதியக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. விற்கும்போது டீமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியேற ஒரு கட்டணம் பிடிப்பார்கள். பொதுவாக ஒரு பங்கானாலும் நூறானாலும் அன்றைக்கு ஒரே தொகை. நூறு பங்கை இருபது இருபதாக ஐந்து நாள் விற்றால் ஐந்து முறை போகும். பெரும்பாலும் இது கான்ட்ராக்ட் நோட்டில் வராது, லெட்ஜரில் பாருங்கள்.