நெசவில் பிறந்த நிலாத் திருநாள்

நுழையும்முன்

திருநாளன்று எல்லாரும் சொந்த ஊருக்குத் திரும்புகையில், அவ்வாறு திரும்ப இயலாதவர் என்ன செய்வர்? படவேட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து, ஆய்வுப் படிப்பிற்காகத் தென்கொரியா சென்ற என் முன்னாள் மாணவர் ஒருவர் நம் வகுப்பில் பகிர்ந்துகொண்ட செய்திகளைத் தழுவியது இப்பாடம்.

சவ்வாது மலையடிவாரத்தில் அமைந்த படவேடு, சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய ஊர். ஆடி வெள்ளிகளில் ரேணுகாம்பாள் கோவிலை நோக்கி வண்டிகள் வரிசை கட்டும். வெளியூரில் பிழைப்போரும் அன்று வந்து சேர்ந்துவிடுவர். கொரியர்களுக்கு அத்தகைய நாள் சூசொக். சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாத முழுநிலவு நாளில், முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் சேர்த்து மூன்று நாள் விடுமுறையாக அது கொண்டாடப்படுகிறது.

2023ஆம் ஆண்டு சூசொக் செப்டம்பர் 29 அன்று வந்தது. வார இறுதியும் பிற விடுமுறைகளும் சேர்ந்து ஆறு நாள் ஓய்வு. தேஜான் நகரில் ஆய்வுக்கூடமும் விடுதியும் வெறிச்சோடின. எஞ்சியவர் மாணவரும் அயல்நாட்டு நண்பர்கள் மூவருமே. தொடர்வண்டிப் பயணச்சீட்டுகள் பல நாள்களுக்கு முன்பே தீர்ந்திருந்தன. பேருந்தில் ஏறினால், நெடுஞ்சாலையில் மகிழுந்துகள் எறும்பு வரிசையாக ஊர்ந்தன. நம் பொங்கல் கூட்டத்தைக் கண்டவர்க்கு அதில் வியப்பில்லை!

அவர்கள் சென்று சேர்ந்த கியோங்ஜு, பழைய சில்லா அரசின் தலைநகரம். வீடுகளுக்கிடையே பசும்புல் போர்த்திய குன்றுகள் எழுந்து நிற்கும். அவை குன்றுகளல்ல, மன்னர் முதலானோரின் கல்லறைகள். சூசொக்கை ஒட்டி, கொரியர்கள் தம் முன்னோர் கல்லறைகளில் வளர்ந்த புல்லைச் செதுக்குவர். திருநாள் காலையில் புத்தரிசிச் சோறும் கனிகளும் படைத்து வணங்குவர். அரிசி மாவில் எள், பயறு முதலிய பூரணம் வைத்து, ஊசியிலைகளைப் பரப்பி ஆவியில் வேகவைக்கும் சோங்பியன் பிறை வடிவில் இருக்கும். நம் கொழுக்கட்டைக்கு அது தங்கை முறை எனலாம். அதே முழுநிலவுக்கு மறுநாள் நம் நாட்டில் மகாளய நாள்கள் தொடங்கின என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கியோங்ஜுவில் மாணவரை நிறுத்திவைத்தது வேறொரு செய்தி. 1145இல் தொகுக்கப்பட்ட 'சம்குக் சாகி' என்னும் வரலாற்று நூல், சில்லா மன்னன் யூரி காலத்துப் போட்டி ஒன்றைக் குறிப்பிடுகிறது. தலைநகரின் ஆறு பிரிவுகளையும் இரண்டாகப் பிரித்து, இளவரசியர் இருவர் தலைமையில் பெண்களை அணி சேர்த்தார்கள். ஏழாம் மாதத்தின் பதினாறாம் நாள் தொடங்கி எட்டாம் மாத முழுநிலவு வரை, விடியலில் கூடி இரவு நெடுநேரம் அவர்கள் நெசவுப் பணி செய்தனர். இறுதி நாளில் தோற்ற அணி வென்ற அணிக்கு விருந்து வைத்தது. தோற்ற அணிப் பெண் ஒருத்தி ஆடியபடி எழுப்பிய ஏக்கக் குரலின் இனிமையால் பிற்காலத்தில் அதன்வழி ஒரு பாடலே பிறந்ததாம். சூசொக்கின் தோற்றத்தை இந்நிகழ்வோடு இணைத்துக் கூறுவது மரபு.

பாவும் ஊடையும் பார்த்தே வளர்ந்தவருக்கு அச்செய்தி எப்படி இருந்திருக்கும்! தறிக்குழியில் கால் வைக்காமல் படிக்கப் போனவர் என்று உறவினர் அவரைக் கேலி செய்ததுண்டு. அன்றிரவு வோல்ஜி குளத்தில் நிலவு மிதந்தபோது, தந்தைக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் கூறினார்.

மறுநாள் கிம்ஹே சென்றனர். அங்கே அரசி ஹோ ஹ்வாங்-ஓக்கின் கல்லறை உள்ளது. பதிமூன்றாம் நூற்றாண்டில் துறவி இர்யோன் தொகுத்த 'சம்குக் யூசா', அயுதா என்னும் நாட்டிலிருந்து கி.பி. 48இல் கப்பலேறி வந்து மன்னன் சூரோவை மணந்தவர் இவர் என்கிறது. அயுதாவை அயோத்தி என்பாரும் உளர். தமிழகத்தோடு பொருத்துவாரும் உளர். இரண்டுக்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. விருப்பத்தைச் சான்றாகக் கொள்ளுதல் ஆய்வாகாது. ஆனால், கிம்ஹே கிம், கிம்ஹே ஹோ ஆகிய குடும்பப் பெயரினர் தம்மை அவ்வரசியின் வழியினராகக் கருதிப் பங்காளிகளைப்போல் மணவுறவைத் தவிர்த்து வந்தது கண்கூடு. திருநாளையொட்டி வந்திருந்த முதியவர் ஒருவர், இவர் இந்தியர் என்றறிந்ததும் கைநிறையச் சோங்பியன் கொடுத்து, "பாட்டி வீட்டுப் பிள்ளை" என்றாராம்.

இதைக் கூறிய மாணவரிடம், "அப்பா அன்றிரவு என்ன சொன்னார்?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"அந்த ஒரு மாசம் நெய்த துணியெல்லாம் யாருக்குப் போச்சுன்னு எழுதியிருக்காப்பா என்று கேட்டார், ஐயா. நூலில் தேடிப் பார்த்தேன். யார் வென்றார்கள் என்பதைக்கூட எழுதவில்லை."