வீடு விற்க எத்தனை நாள்?

எந்தச் சரக்கு எட்டு நாளில் போகும், எது ஆறு மாதம் அலமாரியில் தூங்கும் என்று கேட்டால், வியாபாரிகளாகிய நாம் உடனே சொல்லிவிடுவோம். ஆனால், வீட்டை விற்றுக் கடையை விரிவாக்க நினைக்கும்போது மட்டும் நாள் கணக்கை மறந்துவிடுகிறோம். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை விற்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, விதிப்படி ஆகும் காலம். விற்கும் எண்ணத்தைக் கழகத்தில் பதிந்து 7 நாள் கழிந்த பின்னரே, வாங்குபவருக்கு ஆப்ஷன் எனப்படும் உரிமைப் பத்திரம் தரலாம். அதற்கு அவர் கொடுக்கும் தொகை 1,000 வெள்ளிக்கு மேற்படலாகாது. தீர்மானிக்க அவருக்கு 21 நாள் அவகாசம் உண்டு. பிறகு இரு தரப்பாரும் விண்ணப்பம் செய்து, அது ஏற்கப்பட்டதிலிருந்து ஏறக்குறைய 8 வாரத்தில் சாவி கைமாறும். அவகாசம் முழுவதும் எடுத்துக்கொள்ளப்பட்டால், மொத்தம் 12 வாரம். ஆள் தேடும் காலம் இதில் சேரவில்லை.

இரண்டாவது, அந்த ஆள் தேடும் காலம். 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் இனவாரியாக வரம்பு உண்டு. இங்கே பார்க்கப்படுவது இனமேயன்றிச் சமயமன்று. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் ஒருவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோர் குறைவதால் காலம் நீளும், விலையும் இறங்கக்கூடும். இவ்விக்கட்டில் சிக்கியோரின் வீட்டைச் சில நிபந்தனைகளின் பேரில் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022-இல் அறிவிக்கப்பட்டது. எனவே, நம் புளோக்கின் வரம்பு நிலையை முன்கூட்டியே விசாரித்தறிய வேண்டும்.

மூன்றாவது, விலை. 2014 முதல், விலை பேசி முடித்த பின்னரே கழகத்தின் மதிப்பீடு தெரியவரும். மதிப்பீட்டுக்கு மேற்பட்ட தொகையை வாங்குபவர் ரொக்கமாகத் தரவேண்டும்; வங்கிக் கடனும் சேமநிதியும் அதற்கு உதவா. ஆகவே, அதிக விலை கேட்டால் வந்தவரும் போய்விடுவார். விற்காத சரக்கின் விலை நம் வாயில்தான் இருக்கும், கல்லாவில் இராது.

கடைசியாக, கையில் சேரும் பணம். விற்ற தொகையில் முதலில் வீட்டுக் கடன் தீரும். அடுத்து, மத்திய சேமநிதியிலிருந்து வீட்டுக்காக எடுத்தது வட்டியுடன் அங்கேயே திரும்பும். எஞ்சியதே ரொக்கம்.

ஆகையால், அடுத்த மாதச் சரக்குக்கு வீட்டுப் பணத்தை நம்புவது தகாது. நாளையும் கைக்கு வரும் மீதியையும் கணக்கிட்ட பிறகே மொத்த வியாபாரிக்கு வாக்குக் கொடுப்போம். வீடு தாமதித்தால் பொறுக்கலாம். வாக்குத் தவறினால் நாணயம் போய்விடும்.